சைலோ, டேங்க், ஹாப்பர்: லோடு செல்லை எங்கே, எப்படி வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைலோ (உயரமான சேமிப்புக் கலன்), டேங்க், ஹாப்பர் (அடிப்பக்கம் குறுகும் கலன்) போன்ற பெரிய கலனில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அறிய, கலனையே தராசாக மாற்றிவிடுவதுதான் நம்பகமான வழி. கால்களுக்கு அடியிலோ பக்கத் தாங்கிகளுக்கு அடியிலோ லோடு செல் (சுமையை அளக்கும் உணரி) வைத்தால் போதும். ஆனால் செல்லைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையை வைக்கும் இடத்தில் பலர் காட்டுவதில்லை. 0.02 சதவீதப் பிழை மட்டுமே உள்ள அருமையான செல்லைத் தவறான இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு சதவீதம் பிசகுவது சர்வசாதாரணம். கீழே உள்ள கேள்விகள் திட்டமிடும்போதும், பொருத்தும்போதும், பொருத்திய பிறகு எண் சரியாக வராதபோதும் திரும்பத் திரும்ப வருபவை.

லோடு செல் உண்மையில் எதை அளக்கிறது?

தன் வழியாகத் தரைக்குப் போகும் விசையை மட்டும். செல்லுக்குள் உள்ள உலோகம் சுமையால் மிக நுண்ணிய அளவு நெளிகிறது. அதில் ஒட்டியிருக்கும் மின்தடை இழைகள் அந்த நெளிவை மில்லிவோல்ட்டாக மாற்றுகின்றன. அந்த விசை சரக்கின் எடையா, காற்றின் தள்ளலா, முறுக்கிக்கொண்ட பைப்பின் இழுப்பா என்று செல்லுக்குத் தெரியாது.

இடம் தேர்வு செய்யும்போது எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. கலனின் எடை முழுவதும் செல் வழியாக மட்டுமே, செங்குத்தாகக் கீழே போக வேண்டும். எடைக்கு வேறு வழி இருக்கக் கூடாது. எடை அல்லாத விசை எதுவும் செல்லுக்குள் வரக் கூடாது. கலனைச் சுற்றி ஒருமுறை நடந்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பொருளையும் பாருங்கள்: பைப், ஏணி, நடைமேடை, கைப்பிடிக் கம்பி, கேபிள் டிரே, காப்புத் தகடு. இவை ஒவ்வொன்றும் எடை தப்பிப் போகும் வழியாக இருக்கலாம்.

மூன்று செல்லா, நான்கு செல்லா?

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், மூன்று தாங்கிகள் மீது நிற்கும் கலனின் எடை தானாகவே மூன்றுக்கும் பகிர்ந்துபோகும். கட்டடத்துக்குள் நிற்கும் வட்டமான செங்குத்துக் கலனுக்கு 120 பாகை இடைவெளியில் மூன்று செல் என்பது என் முதல் தேர்வு.

நான்கு கால் என்றால் ஒன்று சற்று உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தே தீரும். அப்போது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு செல்கள் அதிகம் சுமக்கும், மற்ற இரண்டும் பேருக்கு நிற்கும். செல்களை வைத்தபின் ஒவ்வொன்றின் மில்லிவோல்ட்டையும் தனித்தனியே பார்த்து, குறைவாகக் காட்டுவதன் அடியில் மெல்லிய ஷிம் தகடு சேர்த்துச் சமன் செய்ய வேண்டும்.

அப்படியானால் நான்கு எதற்கு? சதுர, செவ்வகக் கலன்களுக்கு அதுவே இயல்பான அமைப்பு. வெளியில் நிற்கும் உயரமான சைலோவுக்குக் கவிழாமல் நிற்கும் உறுதியை அது தருகிறது. தாங்கிகள் 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தாங்கி என்றால், மையத்திலிருந்து கவிழும் விளிம்புக்கு உள்ள தூரம் 1 மீட்டர்தான். நான்கு என்றால் அது 1.4 மீட்டர். பலத்த காற்று வீசும் திறந்தவெளியில் இந்த வித்தியாசம் பெரிது.

ஆறு, எட்டு கால் இருந்தால்?

புதிதாகக் கட்டும் கலனாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கால் கூடக்கூட எடை சமமாகப் பிரிவது கடினம். மிகப் பெரிய கலனுக்கு வேறு வழியில்லை என்றால், எல்லாக் கால்களையும் இணைக்கும் உறுதியான வளைய உத்தரமும், சமன் செய்யப் பொறுமையும் வேண்டும்.

காலின் அடியில் வைப்பதா, பக்கத் தாங்கியின் அடியிலா?

முடிந்தால் மேலே, கலனின் எடை மையத்துக்குப் பக்கத்தில். இதற்கு முக்கியக் காரணம் காற்று. ஒரு கணக்கு பார்ப்போம்.

4 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயர உருளை கொண்ட சைலோ. காற்று வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. வட்ட வடிவத்துக்கான காற்றுத்தடைக் குணகம் 0.7 என்று எடுத்தால் உருளையின் மீது விழும் தள்ளல் சுமார் 3.3 டன். உருளையின் அடிமட்டத்தில் பக்கத் தாங்கி வைத்து அதன்கீழ் நான்கு செல் இருந்தால், காற்றுக்கு எதிர்ப்பக்கத்துச் செல்லில் சுமார் 5 டன் கூடும், காற்று வரும் பக்கத்துச் செல்லில் அதே 5 டன் குறையும். அதே செல்களை 4 மீட்டர் கீழே, கால்களின் அடியில் வைத்தால் அந்த 5 டன் 8 டன்னைத் தாண்டும். கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேலே வைத்து மூன்று செல் மட்டும் பயன்படுத்தினால் ஆறரை டன் வரும்.

இன்னொரு காரணம் கால்களே. நீளமான கால்கள் சரக்கு ஏற ஏற வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அந்த விரிவு செல்லைப் பக்கவாட்டில் தள்ளும். கால் அடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால், கால்களைக் கிடைமட்டக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டுங்கள்.

எவ்வளவு திறன் கொண்ட செல் வாங்க வேண்டும்?

வெற்றுக் கலன் எடையோடு அதிகபட்சச் சரக்கு எடையைச் சேர்த்து, தாங்கிகளின் எண்ணிக்கையால் வகுப்பது ஆரம்பம் மட்டுமே. மேலே சொன்ன சைலோ காலியாக 10 டன், சரக்கு 80 டன் என்றால் ஒரு செல்லுக்கு 22.5 டன். காற்றுக்கு 5 டன் சேர்த்தால் 27.5. சரக்கு ஒரு பக்கமாகக் குவிவதற்கும், சமன் முழுமையாக அமையாததற்கும் இடம் விட்டால் 40 அல்லது 50 டன் செல் பொருத்தம்.

பெரிய செல் போட்டால் நுணுக்கம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் 50 டன் செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமைக்கு 20 மில்லிவோல்ட். ஒரு செல்லின் பங்கான 20 டன் சரக்குக்கு 8 மில்லிவோல்ட் கிடைக்கும். நான்கு செல்லையும் இணையாகச் சேர்த்தால் மொத்தச் சரக்கான 80 டன்னுக்கும் அதே 8 மில்லிவோல்ட்தான். அந்த 80 டன்னை 20 கிலோ படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு 2 மைக்ரோவோல்ட். நல்ல இண்டிகேட்டர் (எடையை எண்ணாகக் காட்டும் கருவி) இதைத் தாராளமாகப் பிடிக்கும். கலவை எந்திரம், மேலே போட்ட மோட்டார், காப்புப் பூச்சு, இரட்டைச் சுவருக்குள் நிற்கும் நீர் ஆகியவற்றை வெற்று எடையில் சேர்க்க மறப்பவர்கள் நிறையப் பேர். கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்.

செலவைக் குறைக்க இரண்டு கால்களில் மட்டும் செல் வைத்து, மற்றதில் வெறும் தாங்கி வைக்கலாமா?

திரவமாக இருந்தால், கட்டடத்துக்குள் இருந்தால், கலன் சமச்சீராக இருந்தால், தோராயமான அளவு போதும் என்றால், வைக்கலாம். திரவம் தானே மட்டமாகிவிடும். அதனால் எடை மையம் நடுக்கோட்டை விட்டு நகராமல் மேலே மட்டும் ஏறும், பாதியை அளந்து இரண்டால் பெருக்கலாம். கிடையாகப் படுத்திருக்கும் உருளை டேங்கில் ஒரு முனையில் செல்லும் மறுமுனையில் சுழல் தாங்கியும் வைப்பது இந்த வகைதான்.

தூளும் தானியமும் அப்படி இல்லை. ஓரமாக விழுந்தால் ஓரமாகவே குவியும், கீழே திறக்கும்போது ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் நிற்கும். எடை மையம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருக்கும். அங்கே பாதிக் கால்களை மட்டும் அளப்பது வெறும் ஊகம்.

வெளியில் நிற்கும் கலனுக்கும் இது ஆகாது. எல்லாக் கால்களிலும் செல் இருந்தால், காற்று ஒரு பக்கம் எவ்வளவு கூட்டுகிறதோ மறுபக்கம் அவ்வளவு குறைக்கிறது. மொத்தம் ஏறக்குறைய மாறாது, மேல்மூடி மீது ஓடும் காற்று சற்றே தூக்குவதைத் தவிர. பாதிக் கால்களில் மட்டும் செல் இருந்தால் இந்த ஈடு கிடைக்காது. காற்றடிக்கும்போது சரக்கு டன் கணக்கில் கூடிக் குறைவதாக இண்டிகேட்டர் காட்டும்.

செல்லின் அடியில் உள்ள உத்தரம் எப்படி இருக்க வேண்டும்?

செல் முழுச் சுமையில் அமுங்குவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். அதைத் தாங்கும் இரும்பு உத்தரம் நடுவில் பல மில்லிமீட்டர் தொய்யலாம். எனவே செல்லைத் தூணின் நேர் மேலே, அல்லது தூணுக்கு மிக அருகில் வையுங்கள். உத்தரத்தின் நடுவில் வைக்க வேண்டாம். ஒரு செல் தூண் மேல், இன்னொன்று உத்தரத்தின் நடுவில் என்ற கலப்பு அதைவிட மோசம். சரக்கு ஏற ஏறக் கலன் சாயும், எடை ஒரு பக்கமாக ஓடும்.

உத்தரம் தொய்வதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். தாங்கி உத்தரத்தின் ஓரத்தில் நின்றால் அதன் மேல்தகடு சாய்ந்துவிடும். செல் நிற்கும் தகடு அரைப் பாகைக்கு மேல் சாயக் கூடாது என்பது நடைமுறையில் உள்ள அளவு. அரைப் பாகையில் செங்குத்து எடையில் வரும் பிழை மிகச் சிறியதுதான். ஆனால் 20 டன் நிற்கும் இடத்தில் சுமார் 175 கிலோ பக்கவாட்டு விசையாக மாறுகிறது, சுமை ஏற ஏற அதுவும் ஏறுகிறது. செல்லின் நேர் கீழே, உத்தரத்தின் நடுத்தகட்டின் இரு பக்கமும் வலுவூட்டும் தகடுகளை வெல்டு செய்தால் இது பெருமளவு அடங்கும்.

ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று கலன்கள் நின்றால், ஒன்றை நிரப்பும்போது பக்கத்துக் கலனின் எண் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் சட்டம் பலவீனம். செல்லை மாற்றிப் பயனில்லை.

பைப் இணைப்பால் அவ்வளவு பிழை வருமா?

வரும். எண் சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பைப்பைத்தான்.

சரக்கு ஏறும்போது கலன் சிறிதளவு கீழே இறங்குகிறது. சுவரில் இறுக்கிய பைப் இறங்க மறுக்கிறது. அது கலனைத் தாங்கிப் பிடிக்கும் இன்னொரு காலாகிவிடுகிறது. எவ்வளவு தாங்கும்? 100 மி.மீ. வகையைச் சேர்ந்த, 114.3 மி.மீ. வெளிவிட்டமும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட இரும்பு பைப், கலனிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் இறுக்கப்பட்டிருக்கிறது என்போம். கலன் 1 மி.மீ. இறங்கினால் பைப் கொடுக்கும் எதிர்விசை, இரு முனையும் முற்றிலும் விறைப்பு என்ற கணக்கில், 700 கிலோவுக்கு மேல். அந்தப் பிடிப்பை 2 மீட்டருக்குத் தள்ளினால் 92 கிலோ. 3 மீட்டர் என்றால் 27 கிலோ. நீளம் இரட்டித்தால் விசை எட்டில் ஒன்றாகிறது. எனவே பைப்பில் செய்யக்கூடிய மலிவான திருத்தம் முதல் பிடிப்பைத் தள்ளி வைப்பது. மெல்லிய சுவருள்ள பைப், சிறிய விட்டம், இடையில் 90 பாகை வளைவு, ரப்பர் அல்லது உலோக நெளிவு இணைப்பு ஆகியவையும் உதவும்.

இணைப்பு கலனிலிருந்து கிடைமட்டமாக வெளியே வரட்டும். முதல் பிடிப்பைக் கட்டடச் சுவரில் வைக்காமல், கலனைத் தாங்கும் அதே சட்டத்தில் வையுங்கள். சட்டம் இறங்கினால் பைப்பும் கூடவே இறங்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைப்பின் விசை சுமைக்கு ஏற்ப நேர்விகிதத்தில் மாறினால், பைப்புகளை இணைத்த நிலையில் உண்மையான எடை வைத்து அளவுத்திருத்தம் செய்யும்போது அது கணக்கில் அடங்கிவிடும். அடங்காதது, பிடிப்பில் சிக்கி ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேறு மாதிரியும் நிற்கும் பைப், வெயிலில் நீளும் பைப், ஒரு நாள் நிரம்பியும் மறுநாள் காலியாகவும் இருக்கும் பைப்.

சூடாகும் கலனில் என்ன செய்வது?

துருப்பிடிக்காத எஃகில் செய்த 3 மீட்டர் விட்டக் கலன் 80 பாகை செல்சியஸ் சூடேறினால் விட்டம் கிட்டத்தட்ட 4 மி.மீ. பெருகும். எல்லாத் தாங்கிகளையும் போல்ட்டால் இறுக்கியிருந்தால் அந்த விரிவு முழுவதும் செல்களைப் பக்கவாட்டில் நெருக்கும். அதனால்தான் எடைத் தாங்கிகள் வெவ்வேறு வகையில் வருகின்றன: ஒன்று நிலையானது, ஒன்று ஒரு திசையில் மட்டும் நகர்வது, மற்றவை எந்தப் பக்கமும் நகர்வது. நிலையானதை முக்கியமான பைப் இணைப்பு இருக்கும் பக்கம் வைத்தால் அந்த இணைப்பு அதிகம் அசையாது. நகரும் திசை விரியும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். செல்லுக்கே சூடு ஏறாமல் கலனுக்கும் தாங்கிக்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு போடலாம். பெரும்பாலான செல்கள் வெப்பத்தால் வரும் பிழையைத் தாமே ஈடுசெய்வது சுமார் மைனஸ் 10 முதல் 40 பாகை வரைதான்.

காற்று கலனையே தூக்கிவிடுமா?

காலியாக இருக்கும்போது தூக்கலாம். மேலே சொன்ன சைலோ காலியாக நிற்கையில் ஒரு செல்லின் மீது 2.5 டன்தான். காற்று வரும் பக்கத்தில் குறைவது 5 டன். எனவே தூக்கலைத் தடுக்கும் போல்ட் கட்டாயம். அந்த போல்ட்டின் நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். நன்றாக இருக்கட்டும் என்று யாராவது இறுக்கிவிட்டால் எடை அந்த போல்ட் வழியாக ஓடும். பராமரிப்புக்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது இது. கலவை எந்திரம் உள்ள கலன்களில் சுழலும் விசையைத் தாங்கக் கிடைமட்ட இழுகம்பி போடலாம். அது துல்லியமாக மட்டமாக இருந்தால் எடையைத் தொடாது.

அழுத்தக் காற்றால் நிரப்பும்போது எண் குதிக்கிறது, ஏன்?

மேலிருந்து செங்குத்தாக வரும் நெளிவு இணைப்பின் குறுக்குப் பரப்பின் மீது உள்ளழுத்தம் தள்ளுகிறது. 300 மி.மீ. இணைப்பில் 10 மில்லிபார் அழுத்தத்துக்கே 7 கிலோ. காற்று வெளியேறும் வடிகட்டி அடைத்திருந்தால் அழுத்தம் பல மடங்காகும். முதலில் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வடிவமைப்பிலேயே இணைப்பைக் கிடைமட்டமாக்கினால் இந்தச் சிக்கல் எழாது.

ஏற்கெனவே நிற்கும் சைலோ, தூக்கிச் செல் வைக்க வழியில்லை. வேறு வழி?

காலின் மீதே போல்ட் போட்டு இறுக்கும் நெளிவு உணரிகள் உண்டு. கால் சுருங்குவதை அவை அளக்கும். இங்கே இடம்தான் எல்லாம். ஐ வடிவக் காலில் நடுத்தகட்டின் மையத்தில், உயரத்தில் நடுவாக்கில், குறுக்குக் கம்பி சேரும் இடத்திலிருந்தும் அடித்தகட்டிலிருந்தும் விலகி வையுங்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டாக வைத்தால் கால் வளைவதால் வரும் பிழை ஒன்றையொன்று ஈடுசெய்யும். எல்லாக் கால்களிலும் வைக்க வேண்டும்.

இதன் பெரிய எதிரி வெயில். சரக்கால் காலில் ஏற்படும் அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் எஃகு 10 லட்சத்தில் 150 பங்கு சுருங்கும். 1 பாகை வெப்பமே 12 பங்கு நீட்டும். ஒரு பக்கக் கால்கள் மட்டும் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். உணரிக்கு மூடியும் காலுக்கு நிழலும் கொடுங்கள். சரக்கு எப்போது தீரும் என்று அறிய இது போதும், கணக்கு வழக்குக்குப் போதாது.

வயரிங்கிலும் வெல்டிங்கிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

நான்கு வயர் செல்லின் கேபிளை வெட்டிக் குறைக்காதீர்கள், அதன் நீளத்தோடு சேர்த்துத்தான் அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. மீதியைச் சுருட்டி வையுங்கள். ஜங்ஷன் பாக்ஸுக்குள் (செல்களின் கேபிள்கள் சேரும் பெட்டி) நீர் வழியாமல் இருக்கக் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். செல்லைத் தாண்டிக் கலனையும் அடித்தகட்டையும் இணைக்கும் தடித்த செம்புப் பின்னல் பட்டை கட்டாயம். பொருத்திய பிறகு கலனில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் செல்லைக் கழற்றி வெறும் இரும்புத் துண்டை வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். வெல்டிங் மின்னோட்டம் ஒரு முறை உள்ளே பாய்ந்தால் செல் பாழ்.

இடம் சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலியாக இருக்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே படித்துக் குறித்துவையுங்கள். பிறகு ஒவ்வொரு தாங்கியின் பக்கத்திலும் ஒரே ஆளை ஏற்றி நிற்கவைத்து, மொத்த எண் எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடுகிறதா என்று பாருங்கள். பெரிய சைலோவில் ஓர் ஆளின் எடை தெரியாது, அங்கே தொங்கவிடும் எடைக்கற்கள் தேவை. அடுத்து, நிரப்பிக் காலிசெய்தால் எண் பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறதா? திரும்பவில்லை என்றால் எங்கோ ஏதோ உரசுகிறது.

முழு அளவுக்கு எடைக்கற்கள் கிடைக்காது. எனவே கையில் உள்ள கற்களைத் தொங்கவிட்டு எண்ணைக் குறித்து, கற்களை எடுத்துவிட்டு அதே எண் வரும்வரை சரக்கை நிரப்பி, மீண்டும் கற்களை ஏற்றிப் படிப்படியாக மேலே போகும் மாற்று முறையைப் பின்பற்றுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பைப், உத்தரம் எல்லாவற்றின் விளைவையும் சேர்த்துப் பிடித்துவிடும். செல்லின் சான்றிதழில் உள்ள மில்லிவோல்ட்டை மட்டும் இண்டிகேட்டரில் பதிக்கும் முறை இவற்றைப் பார்க்காது.

இந்த எண்ணை வைத்துச் சரக்கை விற்கலாமா?

செல் மட்டும் அங்கீகாரம் பெற்றிருந்தால் போதாது. செல்லுக்குச் சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் ஆர்60 பரிந்துரை, முழுத் தராசுக்கு ஆர்76. விற்பனைக்கு என்றால் கலன், தாங்கி, பைப், இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பும் நின்ற இடத்திலேயே சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பைப்பை மாற்றினாலும் மறுசோதனை தேவையா என்று அளவியல் அலுவலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.